ஐயர் வந்தாச்சா?

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி என்னுடையது அல்ல. ஐயர் வீட்டு அலமாரியில் கிடந்தது. ஐயர் மாற்றலாகிப் போகிறார் என்று கட்டில், பீரோ, கோழிக்கூடு வரைக்கும் லாரியில் ஏற்றிக்கொடுத்தோம். இதை மட்டும் விட்டுவிட்டார். ஜனவரியிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. இத்தனை நாளை வெள்ளையாகவே விட்டிருக்கிறாரே என்று பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டேன். திருட்டு என்று யாராவது சொன்னால் மீதியை அவரே வந்து எழுதட்டும்.

ஐயர் என்றால் எங்கள் பக்கத்தில் பாதிரியார். கோயில் என்றால் சர்ச். உப்பு லாரி ஓட்டிய காலத்தில் மதுரைக்காரன் ஒருவனிடம், “எங்க ஐயருக்கு அயிலமீன் குழம்புன்னா உசிரு” என்றேன். அவன் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டான்.

என் பெயர் ஞானாதிக்கம். ஞானம் பெயரோடு சரி. படிப்பு நாலாம் வகுப்பு.

லாரி கிளம்பும்போது ஐயர், உபதேசியார் வேதமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயர் இல்லாத நாளில் ஆராதனை நடத்துகிறவர்தான் உபதேசியார். மாணிக்கத்துக்கு ஓய்வு கொடுத்து அனுப்பி வெகுகாலம் ஆகிவிட்டது. வேறு ஆள் இல்லாததால் அவன்தான் இன்னும் நிற்கிறான்.

“அடுத்த ஆளை எப்ப போடுவாங்கன்னு தெரியல உபதேசியாரே. ஆடுங்க பத்திரம்.”

“மந்தைய ஒருத்தர் கையில குடுக்காம நான் படுக்க மாட்டேன் ஐயா. ஆண்டவர் ஆள் தருவாரு.”

“எந்த பஸ்ல?” என்றேன் நான். “தேறுதல்புரத்துக்கு மத்தியானத்துக்கு மேல பஸ் கிடையாதுவே. ஆண்டவருக்கு அது தெரியுமா?”

ஐயர் சிரித்தார். மாணிக்கம் சிரிக்கவில்லை. “நடந்தாவது வருவாரு” என்றான்.

அவனும் நானும் ஒரே வகுப்பு. அவன் மேலே போனான், நான் லாரிக்குப் போனேன்.

ஜூன் 9, ஞாயிறு

முன்வரிசையில் உட்கார்ந்தேன். கடைசித் தூணுக்குப் பின்னால்தான் எப்போதும் என் இடம். அங்கே ஃபேன் ஓடவில்லை, அதனால்தான் மாறினேன். வேறு ஒன்றுமில்லை.

மாணிக்கம் பாட்டு நம்பர் சொன்னான், பாடினோம். பிரசங்கம் முடிந்ததும் மறுபடி அதே நம்பரைச் சொன்னான். பாடகர் குழுப் பிள்ளைகள் ஒன்றை ஒன்று பார்த்தன. நான் எழுந்து பெரிய குரலில் ஆரம்பித்துவிட்டேன். என் குரலை நிறுத்துவதற்காகவாவது எல்லாரும் சேர்ந்து பாடினார்கள்.

வெளியே வந்ததும் சபைச் செயலாளர் கோயில்பிச்சை கேட்டான். “பெரியப்பா, அதே பாட்டு ரெண்டு தடவ வந்துச்சே?”

“நல்ல பாட்டுன்னா ஒன்ஸ்மோர் கேக்க மாட்டியளால?”

ஜூன் 13, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி வை என்றாள் மருமகள் ஹெப்சிபா. இடுப்பு பிடித்துக்கொண்டது. “மாமா, நீங்களும் சிலிண்டரும் ஒண்ணு. உருட்டுனாத்தான் நகருவிய” என்றாள். என் கேலியெல்லாம் எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறது. இவள் சேர்த்து வைத்துக்கொள்கிறாள்.

ஜூன் 17, திங்கள்

மாணிக்கம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கருகல் வாடை. அடுப்பில் பானை சிவந்து நிற்கிறது. உள்ளே தண்ணீரும் இல்லை, அரிசியும் இல்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

“என்னவே, காத்தையா வேக வைக்கேரு?”

“சோறு வடிக்கணும்” என்றான்.

“எப்ப வச்சேரு?”

யோசித்தான். பரீட்சையில் கேள்வி தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். படிக்கிற காலத்தில் அந்த மாதிரி என் மூஞ்சிதான் இருக்கும், அவன் மூஞ்சி அல்ல.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். இனி மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். ஹெப்சிபா ஏன் என்று கேட்டாள். “அவன் சமையல் நாறுது” என்று சொன்னேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் தூக்குவாளியில் மீன் துண்டு இரண்டாக இருந்தது. எனக்கு ஒன்றுதான்.

ஜூன் 20, வியாழன்

சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கொண்டே, “ஜீவரத்தினம் எங்க? காலையிலேருந்து காணல” என்றான்.

ஜீவரத்தினம் அவன் மனைவி. கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிறாள். குழந்தை குட்டி இல்லை அவர்களுக்கு.

விளையாடுகிறான் என்று நினைத்து, “ஒம்ம கூடக் குடும்பம் நடத்த முடியாம ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா” என்றேன்.

“அப்படியா” என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “நான் ஒண்ணும் சொல்லலியே வே. என்ன கோவம் அவளுக்கு?”

தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

ஜூன் 26, புதன்

ஜெபக்கூட்டம். எல்லாரும் மேய்ப்பன் வேண்டும் என்றுதான் ஜெபித்தார்கள். மாணிக்கத்தின் ஜெபம் வேறு மாதிரி. கேட்கிற மாதிரி இல்லை, ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டவரை எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது. “வாறவருக்கு வழியில சொகம் குடும். அவர் வீட்டாருக்குச் சொகம் குடும்” என்றான்.

கூட்டம் முடிந்ததும் கோயில்பிச்சை என்னை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டான்.

“பெரியப்பா, திருமண்டல அலுவலகத்துல பேசினேன். இப்போதைக்கு ஆள் இல்லையாம். இங்க ஆராதனை நடத்த முடியலன்னா வடக்கூர்ச் சபையோட சேத்துருவோம்ங்காங்க. அப்புறம் மாசத்துக்கு ஒரு ஆராதனைதான்.”

“அதான் மாணிக்கம் நடத்துதான்ல?”

“அதத்தான் கேக்கேன். அவுகளுக்கு மறதி இருக்கா? உண்மையச் சொல்லுங்க.”

“அவனுக்கா மறதி? நாலாம் வகுப்புல நான் அவன் சிலேட்ட ஒடச்சத நேத்துகூட சொல்லிக்காட்டுனான்ல.”

அது பொய் இல்லை. நேற்று உண்மையிலேயே சொன்னான். இன்றைக்குத்தான் உடைத்தேன் என்று நினைத்து அழுதான். அதைக் கோயில்பிச்சை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 6, சனி

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஞாயிறு ஆராதனைக்கு ஒத்திகை நடக்கிறது. கோயில் பூட்டியிருக்கும், நாங்கள் இரண்டு பேர்தான். அவன் பீடத்தில், நான் முன்வரிசையில்.

லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று “வரலாம், வரலாம், ஒடிச்சு வாங்க, நிப்பாட்டு” என்பான். டிரைவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த நேரத்தில் கிளீனர்தான் கண். அதேதான். நான் இருமினால் அடுத்த பாட்டு. கண்ணாடியைக் கழற்றினால் காணிக்கை. தலையைச் சொறிந்தால் ஆசீர்வாதம்.

“ஆசீர்வாதத்துக்கு ஏம்வே தலையச் சொறியணும்?”

“அதுக்கு முன்னாலதான் எல்லாவனும் எப்படா முடியும்னு சொறிவான்.”

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு பீடத்துப் படியில் வந்து உட்கார்ந்தான்.

“எனக்குத் தெரியுது வே. மணல்ல எழுதுன மாதிரி அழிஞ்சிக்கிட்டு இருக்கு. வாறவர் கையில குடுக்கிற வரைக்கும் நின்னாப் போதும்.”

“வராட்டா?”

“தராம இருக்க ஆண்டவருக்கு என்ன கஞ்சத்தனமா?”

“இல்ல, வராட்டா?”

“வருவாரு. நீ கேலி பண்ணு, பரவால்ல. ஆனா என்னத் தாங்கிக்கிடு.”

கோயிலில் பல்லித்தொல்லை அதிகமாகிவிட்டது. மருந்து வாங்க வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

ஒரு கீறல் இல்லாமல் வண்டி நின்றது.

ஜூலை 14, ஞாயிறு

கிழக்குத் தெரு சுகிர்தம் மகள் பியூலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஆல்வின், வடக்கூர்ப் பையன். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபை முன்னால் அறிவிப்பது. இன்றைக்கு முதல் ஓலை. மாணிக்கம் பிசகில்லாமல் வாசித்தான்.

சுகிர்தம் எனக்கு முறுக்கு கொடுத்தாள். பல் இல்லாதவனுக்கு முறுக்கு. வேண்டுமென்றேதான்.

ஜூலை 21, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா என்று இருக்கிறது. எழுதுகிறேன்.

பாட்டு சரி, ஜெபம் சரி, பிரசங்கமும் சரி. நான் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் தூங்கினால்கூட வண்டி போகும் என்று நினைக்கிற நேரத்தில்தான் பள்ளம் வரும்.

மாணிக்கம் ஓலைத் தாளைக் கையில் எடுத்தான். தாளில் பியூலா பெயர்தான் இருந்தது, நான்தான் எடுத்து வைத்தேன். தாளைப் பார்த்தான். பிறகு தாளை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தான். கல்யாண வீட்டுக்காரன் பந்தல் வாசலில் நின்று பார்க்கிற பார்வை. நிமிர்ந்து நின்று, கணீரென்று சொன்னான்.

“இந்தச் சபையைச் சேர்ந்த ஏசுவடியான் குமாரன் வேதமாணிக்கத்துக்கும், வடக்கூர்ச் சபையைச் சேர்ந்த நல்லதம்பி குமாரத்தி ஜீவரத்தினத்துக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது இரண்டாம் ஓலை. இவர்கள் சேருவதற்கு நியாயமான தடை எதையேனும் அறிந்தவர்கள் இப்போதே அறிவிக்க வேண்டும்.”



ஏசுவடியான் அவன் அப்பா. ‘காலஞ்சென்ற’ என்று அவன் சேர்க்கவில்லை. அந்த ஓலையில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

அவன் காத்துக்கொண்டிருந்தான். தடை சொல்லுகிறவர் உண்டா என்று ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தான். பெண்கள் பக்கத்திலிருந்து சுகிர்தம் எழுந்திரிக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன்.

“தடை ஒண்ணும் இல்ல உபதேசியாரே!” என்றேன். “பொண்ணு தங்கமான பொண்ணு. மாப்பிள்ளைக்குத்தான் கொஞ்சம் காது பெருசு. அத அவ பொறுத்துக்கிடுவா.”

யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். மாணிக்கம் வெட்கப்பட்டான். சத்தியமாக, மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கோயில்பிச்சை மேலே போய்த் தாளை மெதுவாக வாங்கிப் பியூலா ஓலையை வாசித்தான்.

வெளியே சுகிர்தம் என் முன்னால் வந்து நின்றாள். “செத்தவ பேர எம்பிள்ள ஓலை வாசிக்கிற எடத்துல வாசிச்சாச்சு. நீரு தமாசு வேற பண்ணுதீரு மாமா. ஒம்ம பேத்திக்கு இப்பிடி நடந்தா சிரிப்பீரா?”

மாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஜூலை 22, திங்கள்

கோயில்பிச்சை வீட்டுக்கே வந்துவிட்டான். கமிட்டி பேசிவிட்டதாம். இனி மாணிக்கம் பீடம் ஏறக் கூடாது. புத்தகத்தைப் பார்த்துக் கோயில்பிச்சையே நடத்துவானாம்.

“நீங்க மறைச்சிட்டீங்களே பெரியப்பா.”

“ஒருத்தர் வாற வரைக்கும் பொறுல. கையில குடுத்துட்டு எறங்கணும்னு நிக்கான் அவன்.”

“யாரு வாறா? எந்தத் தேதியில வாறா? சொல்லுங்க, நிக்கட்டும்.”

அவன் கேட்டதில் தப்பில்லை. என்னிடம்தான் தேதி இல்லை. மாணிக்கத்திடம் சொல்லுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

சாப்பாட்டோடு போனேன். சொல்லவில்லை. அவனே சொன்னான்.

“நேத்து என்னமோ தப்பாச் செஞ்சிட்டேன். எல்லாரும் என்னப் பாவமாப் பாத்தாவ. என்ன செஞ்சேன் வே?”

“பாட்ட மாத்திப் போட்டேரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“பீடத்துலேருந்து எறக்கிட்டாவளா?”

நான் தூக்குவாளி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“எறங்குனா எறங்குதேன். ஆனா கையில இருக்கிறத எங்க வைக்க? தரையிலயா வைக்க? வாங்கிக்கிட ஒரு ஆள் வேணும்ல?” என்றான்.

இன்றைக்கு அவியல். அவன் தொடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கோயில்பிச்சை ஆராதனை நடத்தினான். மின்வாரிய அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் தப்பில்லாமல் வாசித்தான். மாணிக்கம் வெள்ளை வேட்டி ஜிப்பாவோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஆசீர்வாதம் வந்தது. பழக்கத்தில் என் கை தலைக்குப் போய்விட்டது. உடனே மாணிக்கம் எழுந்து, சபையைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் உயர்த்தினான். ஒரு வார்த்தை பிசகாமல் ஆசீர்வாதம் முழுவதையும் சொன்னான். மேலே கோயில்பிச்சை புத்தகத்தை மூடிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். “ஆமென்” என்று முதலில் சத்தமாகச் சொன்னது சுகிர்தம்.

நான் சொறிந்தது கொசு கடித்ததால். யார் கேட்டாலும் அதுதான் பதில்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாணிக்கத்துக்குக் காய்ச்சல். படுக்கையை எங்கள் வீட்டு முன்னறைக்கு மாற்றிவிட்டோம். ஹெப்சிபா அவளாகவே கட்டிலை இழுத்துப் போட்டாள். “நான் எங்க படுக்க?” என்றேன். “சிலிண்டர் பக்கத்துல” என்றாள்.

கண் விழித்தால் ஒரே கேள்வி. “ஐயர் வந்தாச்சா?”

ஆகஸ்ட் 9, வெள்ளி

கோயில்பிச்சை ஓடி வந்தான். செருப்புக்கூடப் போடவில்லை. ஆள் போட்டாகிவிட்டதாம். வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறாராம். பெயர் காலேப்.

மாணிக்கத்தின் காதில் சொன்னேன். “ஆண்டவர் தந்துட்டாருவே. ஒம்ம ஆளு வாறாரு.”

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான். “நான் சொன்னேன்ல” என்றான். என்னை வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயித்த சிரிப்பு. கொஞ்சம் கஞ்சியும் குடித்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

புது ஐயர் வந்தார். பஸ்ஸிலும் இல்லை, நடந்தும் இல்லை. மோட்டார் சைக்கிளில், பின்னால் ஐயரம்மா, அவர்கள் மடியில் குக்கர். மெலிந்த ஆள், மீசை இன்னும் சரியாகக் கூடவில்லை. இறங்கினதும் முகம்கூடக் கழுவ விடாமல் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

“மாணிக்கம், கண்ணத் தொறவே. ஐயர்.”

மாணிக்கம் திறந்தான். அவரைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

“இந்தத் தம்பி யாரு? ஐயர் எங்க?”

“இவருதான்வே ஐயர்.”

“சின்னப் பிள்ளைய வச்சி என்னக் கேலி பண்ணாத ஞானாதி. இதுல மட்டும் கேலி வேண்டாம்.”

எத்தனை தடவை சொன்னேன், எப்படியெல்லாம் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எந்தக் காரியத்தில் நான் பொய் சொல்லவில்லையோ அதைத்தான் அவன் நம்பவில்லை.

வெளியே வந்து ஐயரிடம் மன்னிப்புக் கேட்டேன். “இருக்கட்டும் தாத்தா. ஆண்டவர்தான் என்னை அனுப்புனாரான்னு எனக்கே சில நாள் சந்தேகம் வரும். அவுங்களுக்கு வரக் கூடாதா?” என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஐயர் வெள்ளை அங்கியைக் கழற்றாமலே வந்தார். அங்கியைப் பார்த்தால் நம்புவான் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

மாணிக்கம் அங்கியைத் தொட்டுப் பார்த்தான். “பாடகர் குழுவா தம்பி? நல்லாப் பாடு” என்றான்.

ஐயர் ஒரு பாட்டுப் பாடினார். நன்றாகத்தான் பாடினார். அவர் போனதும் மாணிக்கம் கேட்டான்.

“ஐயர் வந்தாச்சா?”

ஆகஸ்ட் 22, வியாழன்

கஞ்சி இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டாம் என்றார். சுகிர்தம் வந்து அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பியூலா கல்யாணம் வடக்கூரில் நல்லபடியாக நடந்ததாம். அதை அவனிடம் சொன்னாள். அவன் ஜீவரத்தினத்தை விசாரித்தான். “வாறா சித்தப்பா, வந்துக்கிட்டே இருக்கா” என்றாள். நான் சொன்ன பதிலைவிட எவ்வளவோ நல்ல பதில்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மத்தியானம். ஐயர் வாசல் பக்கம் நாற்காலியில் இருந்தார். நான் மாணிக்கத்தின் வாயை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தான். என் முகத்தையே பார்த்தான். எழுந்திரிக்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு கையையும் கூப்பினான்.

“ஐயா, வந்துட்டீங்களா?” என்றான்.

சிலேட்டு காலத்திலிருந்து என்னை ‘வே’ என்றும் ‘லே’ என்றும் கூப்பிட்டவன்.

நான் திரும்பி ஐயரைப் பார்த்தேன். உள்ளபடியே சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஐயர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கிளீனர் மாதிரி, கையால் ‘போங்க போங்க’ என்று காட்டினார்.

“வந்துட்டேன் உபதேசியாரே” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

“வழியில சொகமா?”

“சொகம்.”

“ஆண்டவர் தருவாருன்னு தெரியும் ஐயா. கொஞ்சம் லேட்டாயிட்டு. அதுக்குள்ள எனக்குக் கை தளந்துட்டு.” என் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலாகத் திருப்பி வைத்தான். “வாங்கிக்கிடுங்க.”

பிறகு சொல்ல ஆரம்பித்தான். அடுப்பில் பானை வைத்ததை மறந்தவன், மனைவி செத்ததை மறந்தவன், ஒரு வீடு விடாமல் சொன்னான்.

“கிழக்குத் தெருவுல முதல் வீடு எஸ்ரா. குடிப்பான். ஆனா கூப்பிட்டா வருவான், வெரட்டாதீங்க. அடுத்தது சுகிர்தம். கோவக்காரி. பசின்னு யாரு போனாலும் முதல்ல எலை போடுதவ அவதான். கோயில்பிச்சைக்கு எல்லாம் சட்டப்படி இருக்கணும். அவன் அப்பன் செத்தப்ப அவன் அழல. அத என்னைக்காவது கேளுங்க...”

தெற்குத் தெரு, கிணற்றடி, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் நான் “சரி” என்றேன். ஐயர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹெப்சிபா அடுக்களை வாசலில் நின்றாள்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் கையை விடவில்லை.

“இன்னும் ஒருத்தன் இருக்கான் ஐயா. ஞானாதிக்கம்னு பேரு. தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு இருப்பான். வாய் சும்மா இருக்காது, எல்லாரையும் கேலி பண்ணுவான். உங்களையும் பண்ணுவான். அதக் கேட்டு அவனுக்கு விசுவாசம் இல்லன்னு நெனச்சிராதீங்க. பயந்தவன். பொஞ்சாதி போனதுலேருந்து ரொம்பப் பயந்துட்டான். நான்தான் அவனப் பாத்துக்கிட்டேன். இனி நீங்க பாக்கணும். அவனக் கைவிட்டுராதீங்க.”

இன்னொரு கையால் ஈரத்துணியைத் தேடினேன்.

“ஐயா?”

“சரி” என்றேன். “பாத்துக்கிடுதேன்.”

“ஜெபம் பண்ணுங்க.”

எனக்கு என்ன ஜெபம் தெரியும்? ஆமென் மட்டும்தான் தெரியும். அவன் தலையில் கை வைத்து, “ஆண்டவரே, இவன் கை இப்ப காலி. எடுத்துக்கிடும். ஆமென்” என்றேன்.

“ஆமென்” என்றான் மாணிக்கம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காலையில் மாணிக்கம் போய்விட்டான். முருங்கைக்காய் பறித்து வைத்திருந்தேன், அப்படியே கிடக்கிறது.

ஆகஸ்ட் 28, புதன்

வேப்பமரத்தடியில் அடக்கம். ஐயர் நன்றாக நடத்தினார். எஸ்ரா குடிக்காமல் வந்து மண்வெட்டி பிடித்தான். கோயில்பிச்சை அழுதான். இதற்கா, அவன் அப்பனுக்கா என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மாணிக்கம் கொடுத்ததை நான் வைத்திருக்க முடியாது. உரிய கையில் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஐயரைக் கூட்டிக்கொண்டு கிழக்குத் தெருவில் ஆரம்பித்தேன். எஸ்ரா வீடு, சுகிர்தம் வீடு, கோயில்பிச்சை வீடு. ஒவ்வொரு வாசலிலும் அவன் சொன்னதை அப்படியே மெதுவாக ஐயர் காதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஜெபம் பண்ணினார். சுகிர்தம் வீட்டில் காப்பி, முறுக்கு. முறுக்கை ஐயர் தின்றார்.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கமும் முடிந்து திரும்பி வந்தோம். என் வீட்டு வாசலில் ஐயர் நின்றார்.

“கடைசியா ஒருத்தரைச் சொன்னாங்களே தாத்தா. அவரை எனக்குக் காட்டலையே.”

“அவனை உங்ககிட்டத் தர மாட்டேன் ஐயா. பாத்துக்கிடுதேன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“கஷ்டமான ஆளாமே?”

“ரொம்பக் கஷ்டம்.”

“தனியா முடியலன்னா என்னைக் கூப்பிடுங்க” என்றார். சரி என்றேன்.

நாளைக்குப் புதன், ஜெபக்கூட்டம். மாணிக்கம் இல்லாத கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று அந்த ஆள் பிடிவாதமாகப் படுத்திருக்கிறான். எப்படியாவது எழுப்பி, சட்டை மாட்டி, கூட்டிக்கொண்டு போக வேண்டும்.